அலுவலகத்தில் தாய்ப்பால் எடுக்க ஓர் அறையைக் கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: பேறுகால விடுப்பு முடிந்து அடுத்த மாதம் பணிக்குத் திரும்புகிறேன். அலுவலகத்தில் பால் எடுப்பதற்கென்று தனி அறை கிடையாது. என் மேலாளர் ஆண். இதை யாரிடம், எப்படிக் கேட்பது?

பதில்:

திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இப்போதே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். முதல் நாள் மதியம் மார்பு கனத்து வலிக்கும்போது எந்த அறை காலியாக இருக்கிறது என்று தேடி அலைவது பெருங்கொடுமை.

"ஏதாவது இடம் கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அந்தப் "பார்க்கலாம்" எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. எனவே கேட்பதற்கு முன் அலுவலகத்தை மனத்துக்குள் ஒருமுறை சுற்றி வாருங்கள். யாரும் அதிகம் பயன்படுத்தாத சிறிய கூட்ட அறை, முதலுதவி அறை, பாதி நாட்கள் வெளியூரில் இருக்கும் அதிகாரியின் அறை, பழைய கோப்புகள் கிடக்கும் அறை என்று ஏதேனும் ஒன்று தென்படும். அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நேரத்தையும் நீங்களே குறிப்பிடுங்கள்: காலை 11 மணி, பிற்பகல் 2.30 மணி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்பது போல. எத்தனை மாதங்களுக்குத் தேவைப்படும் என்பதையும் உத்தேசமாக எழுதிவிடுங்கள். முடிவுத் தேதி தெரிந்தால் நிர்வாகங்களுக்குத் தனி நிம்மதி. (முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுடன் சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே தாராளமாகவே கேளுங்கள், குறைத்துக்கொள்வது எப்போதும் எளிது.)

மேலாளர் ஆண் என்பது நீங்கள் அஞ்சுகிற அளவுக்குத் தடையில்லை. என் மேலாளரும் ஆண்தான். அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். மின்னஞ்சல் இருவர் மானத்தையும் காப்பாற்றியது. "சொந்தக் காரணம்", "உடல்நலக் காரணம்" என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் "குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்து வைப்பதற்காக" என்றே எழுதினேன். நாம் மழுப்பினால் அவர்களும் மழுப்புவார்கள். மனிதவளப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும், பின்னால் மேலாளர் மாறினாலும் பதிவு இருக்கும்.

அறை கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது தாழ்ப்பாள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். பதற்றமும் பயமும் அதைத் தடுக்கக்கூடியவை. யார் எப்போது வருவார்களோ என்று ஒரு கண்ணைக் கதவிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பால் எடுக்கும் பம்ப் அது பாட்டுக்கு ஓடும், பால் வராது. எனக்கு ஒதுக்கப்பட்ட எழுதுபொருள் அறையில் கைப்பிடி மட்டுமே இருந்தது. தாழ்ப்பாளுக்குப் பதிலாக "உள்ளே வர வேண்டாம்" என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அச்சு இயந்திரத்துக்கான காகிதக் கட்டுகளும் அதே அறையில்தான்! காகிதம் தேடி ஒருவர் கதவைத் திறக்கத்தான் செய்தார். என்னைவிட அவர்தான் அதிகம் மிரண்டார். அதன் பிறகு ஒரு சாதாரணத் தாழ்ப்பாளுக்காக எத்தனை பேர் கையெழுத்திட வேண்டியிருந்தது என்பது தனிக்கதை. ஆனால் அது வந்த பின்தான் அந்த இடம் எனக்கு அறை ஆயிற்று.

தாழ்ப்பாளுக்கு அடுத்து, கண்காணிப்பு கேமரா இருக்கிறதா என்று கூரையின் மூலைகளைப் பாருங்கள். சேமிப்பு அறைகளில் இருக்க வாய்ப்புண்டு. கண்ணாடிச் சுவர் என்றால் மறைப்பு கேளுங்கள். நாற்காலி, சிறு மேசை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிளக் பாயிண்ட், அருகில் கை கழுவத் தண்ணீர். இவ்வளவு போதும், சோபாவெல்லாம் வேண்டாம்.

"கழிவறை இருக்கிறதே?" என்று யாராவது சொல்லக்கூடும். ஒரு குழந்தையின் உணவை அங்கே தயார் செய்வீர்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2010இல் வந்து 2022இல் விரிவாக்கப்பட்ட சட்டம் இந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது: கழிவறையாக இருக்கக் கூடாது, பிறர் பார்வையில் படக் கூடாது, சக ஊழியரோ பொதுமக்களோ நுழையக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மூன்றையும் உங்கள் கடிதத்தில் அப்படியே எடுத்தாளலாம்.

நேரத்தைப் பற்றி முணுமுணுத்தால், பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919இலேயே வகுத்துவிட்டது என்பதை நினைவூட்டுங்கள். அதன் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 183) இந்த இடைவேளையை ஊதியத்துடன் கூடிய வேலை நேரமாகவே கணக்கிடச் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை என்பதால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். "ஒரு வேளை தவறினால் என்ன?" என்பவர்களுக்கும் பதில் உண்டு. பால் தேங்கினால் கட்டிக்கொள்ளும், சிலருக்குக் காய்ச்சலோடு மார்பழற்சி வரும். தொடர்ந்து தேங்கினால் உடல் சுரப்பையே குறைத்துக்கொள்ளும்.

எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்கள், ஐஸ் கட்டிகள் வைத்த, வெப்பம் புகாத பையில் 24 மணி நேரம் தாங்கும். பொதுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் தேதி எழுதி, வெளியே தெரியாத பைக்குள் வையுங்கள்.

கூட்ட அறையைப் பெற்றிருந்தால், அலுவலக நாட்காட்டியில் உங்கள் இரண்டு வேளைகளையும் தினசரி முன்பதிவாகப் போட்டுவிடுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை, "ஒதுக்கப்பட்டது" என்றால் போதும். அப்படியும் "இன்னும் பத்தே நிமிடம்" என்று உள்ளே கூட்டத்தை இழுத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே நின்று காத்திருக்காதீர்கள், கதவைத் தட்டுங்கள்.