லூயிஜிக்கு எப்போது முறை வரும்?

கேள்வி: அக்கா, எனக்கு 42 வயது. சொந்த ஊர் முக்கூடல் பக்கம், வேலை பாளையங்கோட்டையில். அப்பா இல்லாத வீடு. எட்டாவது படிக்கும்போது அம்மா தீபாவளிப் போனஸில் எனக்கு ஒரு வீடியோ கேம் வாங்கித் தந்தார்கள். அன்றிலிருந்து மரியோ என்றால் எனக்கு உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்து தார்சாவில் டிவி முன்னால் உட்கார்ந்தால் கரண்ட் போகும்வரை எழுந்திருக்க மாட்டேன். தங்கச்சி காலையிலிருந்தே மடியில் சொளவோடு (முறம்) அங்கேதான் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள், ரெண்டாவது கன்ட்ரோலர் அவளுடையது. நான் லேசில் சாக மாட்டேன். ஒரே உயிரில் கடைசியான எட்டாவது உலகம்வரை போயிருக்கிறேன். அம்மா காலமான பிறகு வீட்டை விற்பதற்காகப் போன மாதம் ஒழித்தோம். அந்தப் பழைய டப்பா பரணில் கிடைத்தது, அழுதுவிட்டேன். அந்த வாரமே நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் மிஷினும் ‘நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ டீலக்ஸ்’ ஆட்டமும் வாங்கினேன். ஒரே ஏமாற்றம். மரியோவின் ஓட்டத்தில் பழைய கனம் இல்லை, பாட்டு ஒட்டவில்லை, உயிரை அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். எனக்கு வயதாகிவிட்டதா, ஆட்டம் கெட்டுவிட்டதா? 2023இல் வந்த மரியோ ஆட்டம் ‘வொண்டர்’ வாங்கினால் சரியாகுமா?

பதில்:

வயதாகிவிட்டதுதான் தம்பி. 42 என்றால் பின்னே? இதைச் சொல்ல நான் எதற்கு?

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருவருக்குக் கொட்டகையில் தின்ற முறுக்கு, இன்னொருவருக்கு வாடகை சைக்கிள், உங்களுக்கு மரியோ. முன்னே இருந்த ருசி இப்போது ஏன் இல்லை என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ‘அந்தக் காலம் பொற்காலம் தம்பி’ என்று நான் தலையைத் தடவ வேண்டும். இன்றைக்கு அது நடக்காது.

ஆட்டத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். என் மகனும் இந்தக் கிறுக்குப் பிடித்தவன், அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும். உங்கள் குறையில் நியாயம் உண்டு. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று கல்யாணப் பத்திரிகையைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது இதைவிடப் பெரிது. அத்தனூண்டு இடத்துக்குள் 32 கட்டங்கள், கோஜி கோண்டோவின் பாட்டு, ஓடி வந்து தாவினால் தூரமாய் விழும் அந்தத் தாவல், எல்லாவற்றையும் அடைத்தார்கள். இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டார்கள். அதில் பழகிய கைக்கு இன்றைய தாராளம் சப்பென்றுதான் இருக்கும். நீங்கள் வாங்கியதும் புத்தம் புதிய ஆட்டம் இல்லை. 2012இல் வீ யூ என்ற மிஷினுக்கு வந்ததை 2019இல் ஸ்விட்சுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ‘நியூ’ வரிசை தொடங்கியது 2006இல். 2012 முடிவதற்குள் நாலு ஆட்டம் வந்து, நாலிலும் அதே புல்வெளி, அதே பாலைவனம், பாட்டில் ‘பா பா’ என்று வரும் இடத்தில் எதிரிகள் ஒரு குலுக்குக் குலுக்கும் அதே வேடிக்கை. சலிப்புத் தட்டியவர் நீங்கள் மட்டும் இல்லை. வொண்டர் அந்தப் பாதையை விட்டு விலகி வந்த நல்ல ஆட்டம் என்று மகன் சொல்கிறான். பணம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் உங்கள் ஏமாற்றம் அதில் தீராது.

ஏனென்றால் கடிதம் முழுக்க மரியோவுக்குக் கொடுத்துவிட்டு, தங்கச்சிக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தீர்கள். அவள் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை நீங்கள் எழுதவில்லை. எழுதியதிலிருந்து தானாக வெளியே வந்து நிற்கிறது. எட்டாவது படிக்கிற பையனுக்குத் தங்கச்சி என்றால் அவளுக்கு என்ன வயது இருந்திருக்கும்? நீங்களே விரலை மடக்கிப் பாருங்கள்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பீடி இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, எண்ணிக் கட்டுப்போட்டுக் கடைக்குக் கொண்டுபோனால் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு. அதிலும் நாலு கட்டைக் கழித்து ஒதுக்கிவிடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுவாள் என்று கேட்ட ஊர் நம்முடையது. பீடிக் கடையில் கணக்கு ஏறும் பாஸ் புத்தகம் அம்மா பேரில் இருக்கும், மகள் சுற்றியதும் அதிலேயே ஏறும். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதைத் தடைப் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தாரை வைத்துச் செய்கிற இடத்துக்கு அந்தத் தடை இல்லை என்று அதே சட்டம் சொன்னது. உங்கள் வீட்டுத் தார்சா அந்த விலக்குக்குள் இருந்தது தம்பி.

அந்தப் போனஸை அம்மாவுடையதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதில் எத்தனை ஆயிரம் பீடி அவள் கையால் சுற்றியது? அந்தப் பணத்தில் வந்த பொருளுக்கு முதல் கன்ட்ரோலர் உங்களுக்கு, ரெண்டாவது அவளுக்கு. யார் இப்படிப் பங்கு வைத்தது? அம்மாதான் என்பீர்கள். இருக்கும். ஆண்பிள்ளை படித்துத் தலையெடுத்தால் குடும்பம் கரையேறும் என்று கணவனை இழந்தவள் போட்ட கணக்கு அது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பதிமூன்று வயதில் உங்களையும் குறை சொல்ல மாட்டேன். 42 வயதில் அதையே இனிமையான பழைய நாளாக எழுதுகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தப் பழைய ஆட்டத்தில் ரெண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. முதல் கன்ட்ரோலருக்கு மரியோ, ரெண்டாவதுக்கு அவன் தம்பி லூயிஜி. மரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை. மரியோ ஒரு கட்டத்தை முடித்தால் அடுத்த கட்டமும் மரியோவுக்குத்தான். லேசில் சாக மாட்டேன், ஒரே உயிரில் எட்டாவது உலகம்வரை போனேன் என்று மார்தட்டுகிறீர்கள். அவ்வளவு நேரமும் லூயிஜி எங்கே இருந்தான்? அவள் மடியில் சொளவும் பக்கத்தில் ரெண்டாவது கன்ட்ரோலருமாக உட்கார்ந்திருந்தாள். நீங்கள் கெட்டிக்காரனாக ஆக ஆக அவளுக்கு ஆட்டம் கிடையாது. கடைசியில் கரண்டும் போய்விடும். ஒரு நாளாவது ‘ஏட்டி, இந்தத் தடவை நீ முதல்ல ஆடு’ என்று முதல் கன்ட்ரோலரை நீட்டியதுண்டா? நீட்டியிருந்தால் இத்தனை விவரம் எழுதிய நீங்கள் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள்.

ஆட்டம் செய்தவர்களுக்கே இது உறைத்திருக்கிறது. 2009இல் வீ மிஷினுக்கு வந்த ஆட்டத்திலேயே நாலு பேர் ஒரே நேரத்தில் ஓடலாம். ஒருவர் விழுந்தால் நீர்க்குமிழிக்குள் மிதந்து வருவார், மற்றவர் உடைத்துவிட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். அடுத்தவர் சாகக் காத்துக் கிடக்க வேண்டாம். நீங்கள் வாங்கிய ஆட்டமும் அப்படிச் செய்யப்பட்டதுதான். ஒருவரை ஒருவர் இடித்து, குழியில் தள்ளி, கத்திச் சண்டை போட்டு ஆட வேண்டியது. நீங்கள் வாங்கிய அந்த ஆட்ட அட்டையிலேயே 2013இல் லூயிஜிக்கென்று செய்த ஆட்டம் தனியாக ஒன்று இருக்கிறது, அதில் மரியோவே கிடையாது. உங்கள் மிஷினில் கன்ட்ரோலர் ரெண்டாகக் கழன்று ஆளுக்கொன்றாக வரும். அதையெல்லாம் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து ஆடிவிட்டு ருசி இல்லை என்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ‘அண்ணே, மேலே ஏறு, மேலே ஏறு’ என்று சொல்ல ஆள் இல்லை. ருசி எங்கிருந்து வரும்?

சரி, விளையாட்டு இதோடு போகட்டும். வீட்டை விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிது. அம்மா பேரில் இருந்த வீடு, உயில் எதுவும் இல்லை என்றால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து கொடுத்தோம், நகை போட்டோம், பொங்கல்படி தவறாமல் கொடுக்கிறோம் என்பதெல்லாம் அந்தப் பங்கில் ஒரு ரூபாயைக் கழிக்காது. நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பத்திரம் எழுதுகிறவர் ‘தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க, ஒரு கையெழுத்துதான்’ என்பார். அவளும் நல்ல சேலை உடுத்தி, பஸ் ஏறி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். உங்கள் வீட்டில் இது நடந்துவிட்டதா, நடக்கப் போகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. நடந்துவிட்டது என்றால், விற்ற பணத்தில் பாதியை எண்ணி அவள் பேரில் பேங்கில் போடுங்கள். அவள் வீட்டுக்காரர் பேரில் இல்லை, அவள் பேரில்.

நடக்கவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்புக் கேட்டு அழுது வைக்காதீர்கள். அழுதால் உங்களைத் தேற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும். மிஷினை எடுத்துப் போவதென்றால் போங்கள், அவள் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுத் தப்பிக்காமல் அவள் கையில் கொடுங்கள். ‘எனக்குச் சோலி கிடக்குண்ணே’ என்பாள். அந்தச் சோலியை நீங்கள் பாருங்கள். இன்னும் பீடி சுற்றுகிறாள் என்றால் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுங்கள். தெரியாதென்றால் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் பங்கைப் பேசாமல் வெறும் மிஷினோடு போய் நிற்பதென்றால் போகவே வேண்டாம். பங்கு என்றதும் ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்’ என்றுதான் முதலில் சொல்வாள். பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடுமோ என்ற பயத்தில் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது. அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். மாப்பிள்ளை வெளியே போன நேரமாகப் பார்த்து இன்னொரு தடவை கேளுங்கள். பத்திர நகலையும் கையோடு கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள்.