ஒபாமாகேர்: நோயில்லாத இளைஞர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

"நன்றாக இருக்கும் 25 வயதுக்காரர் எதற்கு அடுத்தவர் நோய்க்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2010-ல் அமெரிக்காவில் ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது நடந்த சண்டையே இதுதான்.

அதற்கு முன்பு, பெரும்பாலான மாநிலங்களில், சர்க்கரை நோய் இருப்பவருக்குத் தனிநபர் பாலிசி கிடையாது என்று கம்பெனி கைவிரிக்கலாம். 2014 முதல் அது முடியாது. முதியவரிடம் இளையவரைவிட 3 மடங்குக்கு மேல் பிரீமியம் வாங்கவும் கூடாது. மிச்சச் சுமை? இளையவர் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறார். வருமானம் குறைந்தவருக்கு அரசு மானியம் தருகிறது. செலவை ஈடுகட்ட, தனிநபர் சம்பளத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் போகும் பகுதிக்கு மட்டும் 0.9% கூடுதல் வரி. காப்பீடு எடுக்காதவருக்கு அபராதமும் இருந்தது. 2019 முதல் அது பூஜ்யம்.

கட்டுவதுதான் நியாயம் என்பேன். 1986 சட்டப்படி, மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசு காப்பீட்டிலிருந்து பணம் பெறும் மருத்துவமனைகள் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அந்த இளைஞர் பைக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு வந்தால், கட்டாத பில் மருத்துவமனை, அரசு என்று யார் தலையிலாவது விடியும்.

ஆனால் மானிய வரம்பை லேசாகத் தாண்டிய சுயதொழில்காரர்கள் முழுப் பிரீமியத்தையும் சுமந்தார்களே, அவர்கள் கோபம் நியாயமானது. சட்டம் எழுதியவர்கள் அதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.