சரடோகாவில் பிரிட்டன் வென்றிருந்தால், வரைபடத்தில் என்னென்ன பெயர்கள் இருக்கும்?

கேள்வி: மாற்று வரலாற்று நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1777-இல் சரடோகாவில் ஜெனரல் பர்காய்ன் சரணடையாமல் ஜெயித்துவிடுகிறார். அமெரிக்கப் புரட்சி அத்தோடு அடங்கிப்போகிறது. கதை நடப்பது 1850-இல். மாநிலங்களுக்கு நான் வைத்த பெயர்கள் கிங்ஸ்லாந்து, நியூ விக்டோரியா, ராயல் ஒஹையோ. படித்துப் பார்த்தவர்கள் ‘ஒட்டவில்லை’ என்கிறார்கள். நம்பும்படியான பெயர்களை எப்படி உருவாக்குவது?

பதில்: முதலில் ‘மாநிலம்’ என்ற சொல்லையே கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். 1776 பிரகடனத்தில் குடியேற்றங்கள் தங்களை ‘ஸ்டேட்’ என்று அழைத்துக்கொண்டதே, நாங்கள் இனி யாருக்கும் கீழ்ப்பட்டவர்கள் அல்ல என்று சொல்லத்தான். புரட்சி தோற்ற உலகில் அந்தச் சொல் ராஜதுரோக வாடை அடிக்கும். அதிகாரிகள் வாயில் ‘மாகாணம்’ அல்லது ‘குடியேற்றம்’ என்றுதான் வரவேண்டும்.

அடுத்து, உங்கள் மூன்று பெயர்களும் ஏன் ஒட்டவில்லை என்று பார்த்துவிடுவோம். ஆங்கிலேயர் ‘நியூ’ என்ற முன்னொட்டை ஊர், நாட்டுப் பெயர்களோடு சேர்ப்பார்களே தவிர ஆள் பெயரோடு சேர்ப்பதில்லை. நியூ ஜெர்சி என்ற பெயர், அந்த நிலத்தை மானியமாகப் பெற்ற கார்ட்டரெட்டின் சொந்தத் தீவான ஜெர்சியிலிருந்து வந்தது; நியூ ஹாம்ப்ஷயரும் இங்கிலாந்து வட்டாரம் ஒன்றின் பெயர்தான். ஆகவே ‘நியூ விக்டோரியா’ வடிவத்திலேயே தவறு. ‘ராயல்’ என்பது பெயரின் பகுதி அல்ல, ஆட்சிமுறையின் வகை: ஆளுநரை மன்னரே நியமிக்கும் குடியேற்றம் என்று பொருள். ‘கிங்ஸ்லாந்து’ எந்த அரசர் என்றே சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது 1859-இல் வந்தது. வேறு கண்டம், வேறு தலைமுறையின் ரசனை. பதினெட்டாம் நூற்றாண்டு அமைச்சருக்கு லத்தீன் வாலோடு முடியும் பெயர்தான் மரியாதையாகப் பட்டது: கரோலினா, ஜார்ஜியா, வர்ஜீனியா.

விக்டோரியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் பிறந்தது 1819-இல். வாரிசாக இருந்த இளவரசி ஷார்லட் 1817-இல் இறந்ததால்தான் ஷார்லட்டின் சித்தப்பாமார் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதில் கென்ட் கோமகன் எட்வர்டுக்குப் பிறந்த மகள் விக்டோரியா. உங்கள் வரலாறு 1777-இலேயே திசை மாறிவிட்டது. நாற்பது ஆண்டுக்குப் பின் அதே பிரசவம், அதே மரணம், அதே திருமணம் நடந்தது என்று வாசகரை நம்பவைக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, திருப்புமுனைக்கு முன்பே பிறந்துவிட்டவர்களின் பெயர்களை எடுப்பதே பாதுகாப்பு. மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளில் பிரெடரிக் (1763), வில்லியம் (1765), எட்வர்ட் (1767), அகஸ்டா (1768), மேரி (1776) எல்லாரும் உங்களுக்குக் கிடைப்பார்கள். நிஜ வரலாற்றிலேயே பிரெடரிக்கின் பெயரில் நியூ பிரன்ஸ்விக்கில் பிரெடரிக்டன் நகரமும், எட்வர்டின் பெயரில் பிரின்ஸ் எட்வர்ட் தீவும் எழுந்தன.

இப்போது அடிப்படை வேலை. ஒரு தாளில் கோடு போட்டு, 1777 அக்டோபருக்கு முன் வரைபடத்திலோ ஆவணத்திலோ ஏறிவிட்ட பெயர்களை இடப்பக்கம் எழுதுங்கள். அவற்றைத் தொடாதீர்கள். பதின்மூன்று குடியேற்றங்கள், 1763 முதல் பிரிட்டன் வசமிருந்த கிழக்கு, மேற்கு புளோரிடாக்கள், கியூபெக், நோவா ஸ்கோஷியா எல்லாம் அங்கே வரும். வலப்பக்கம் அதற்குப் பின் பிறந்தவை. அவை ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியவை. வாஷிங்டன் நிச்சயம் இல்லை. இந்த வகை எழுத்தில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறு இதற்கு நேர்மாறானது: பழைய பெயர்களை மாற்றிவிட்டு, வர வாய்ப்பே இல்லாத புதிய பெயர்களை அப்படியே விட்டுவைப்பது.

ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே உங்களுக்குப் பெரிய பரிசு ஒன்று காத்திருக்கிறது. 1774-ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம், அந்த மாகாணத்தின் எல்லையைத் தெற்கே ஒஹையோ ஆறு வரைக்கும் மேற்கே மிசிசிப்பி வரைக்கும் நீட்டியது. ஆக இன்றைய ஒஹையோ, இண்டியானா, இலினாய், மிச்சிகன், விஸ்கான்சின் எல்லாம் உங்கள் கதையில் கியூபெக்கின் தென்பகுதி. ஒஹையோ என்பது ஆற்றின் பெயராக மட்டும் இருக்கும். பிரெஞ்சுச் சட்டமும் கத்தோலிக்க மதமும் செல்லுபடியாகும் அந்த நிலத்தில் ஊர்களைப் பிரெஞ்சு உச்சரிப்பிலேயே சொல்வார்கள். ஒரே காட்சியில் மொன்றியால் வணிகர் ‘தெத்ருவா’ என்றும், லண்டனிலிருந்து வந்த அதிகாரி ‘டிட்ராய்ட்’ என்றும் சொல்லட்டும். யார் ஆள்கிறார்கள், யார் வாழ்கிறார்கள் என்று விளக்க ஒரு பத்தி மிச்சமாகும். மாகாணத்தைப் பிரிக்கவேண்டி வந்தால் பிரிட்டிஷ் பழக்கம் தெரிந்ததே: 1791-இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் ஓட்டத்தை வைத்து மேல் கனடா, கீழ் கனடா என்று பிரித்தார்கள். சலிப்பூட்டும் பெயர்கள்தாம், ஆனால் அரசாங்கம் வைக்கும் பெயர் பெரும்பாலும் சலிப்பூட்டும். அந்தச் சலிப்பே நம்பகத்தன்மை தரும்.

ஆற்றுக்குத் தெற்கே ‘வண்டாலியா’ தயாராக இருக்கிறது. இன்றைய மேற்கு வர்ஜீனியாவையும் கென்டக்கியின் ஒரு பகுதியையும் சேர்த்து லண்டனில் திட்டமிடப்பட்ட குடியேற்றம் அது. மூன்றாம் ஜார்ஜின் மனைவி ராணி ஷார்லட்டின் குடும்பம் பழைய வண்டால் இனத்தின் வழிவந்தது என்ற நம்பிக்கையால் வந்த பெயர். போர் மூண்டதால் திட்டம் கைகூடவில்லை. உங்கள் கதையில் போர் சீக்கிரமே முடிகிறது. சொந்தமாக ஒரு பெயரைப் புனைவதைவிட, இப்படிப் பாதியில் நின்றுபோன பெயரைத் தூசு தட்டி எடுப்பது பத்து மடங்கு பலன் தரும். மேய்ன் கடற்கரையின் கிழக்குப் பகுதிக்குப் போர்க்காலத்தில் பிரிட்டிஷார் யோசித்த ‘நியூ அயர்லாந்து’ இன்னொன்று.

வெர்மான்ட் விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள், உங்கள் போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1764-இல் மன்னரின் தீர்ப்பு அந்த மலைநாட்டை நியூயார்க்குக்குக் கொடுத்தது. கம்பர்லாந்து, குளோஸ்டர் என்று கவுன்டிகளும் (மாகாணத்தின் உட்பிரிவுகள்) வரையப்பட்டன. அங்கிருந்தவர்கள் 1777 ஜனவரியில் ‘நியூ கனெக்டிகட்’ என்று தனிநாடு அறிவித்து, ஜூனில் அதை ‘வெர்மான்ட்’ என்று மாற்றினார்கள். பர்காய்ன் ஜெயித்தால் அரசு வரைபடத்தில் கம்பர்லாந்து கவுன்டிதான். வெர்மான்ட் என்பது மலைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் தடைசெய்யப்பட்ட பெயர். சாராயக்கடையில் அதை உரக்கச் சொல்பவனை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதே முறையில் சின்னப் பெயர்களையும் பாருங்கள். நியூயார்க்கில் டிரையன் கவுன்டி, ஷார்லட் கவுன்டி என்று இருந்தவற்றை ஜெயித்த புரட்சிக்காரர்கள் 1784-இல் மாண்ட்கோமரி, வாஷிங்டன் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு கிங்ஸ் கல்லூரி ‘கொலம்பியா’ ஆயிற்று. உங்கள் உலகில் இவை மாறவே மாறாது. புதுப் பெயர் எதுவும் புனையாமல், மாறாத பழைய பெயரை ஒரு வாசற்பலகையில் காட்டினாலே போதும்.

மிசிசிப்பிக்கு மேற்கே ஆங்கிலப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். 1762-இலேயே பிரான்ஸ் அந்த நிலத்தை ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. நிஜத்தில் அமெரிக்கர்களின் சரடோகா வெற்றியைப் பார்த்துத்தான் பிரான்ஸ் 1778-இல் வெளிப்படையாகப் போரில் இறங்கிக் கடனில் மூழ்கியது. உங்கள் கதையில் அந்தக் கடன் இல்லை, நெப்போலியனே வராமல் போகலாம், லூயிசியானா என்ற அந்த நிலத்தை அமெரிக்காவுக்கு விற்ற 1803 விற்பனையும் நடக்காது. எனவே அங்கே ஸ்பானிய இலக்கணம் தேவை. நாட்டுப் பெயர் பெண்பாலானால் ‘நுவேவா’, ஆண்பாலானால் ‘நுவேவோ’: நுவேவா எஸ்பான்யா, நுவேவோ மெஹிகோ. மேல், கீழ் என்பதற்கு ஆல்டா, பாஹா. ‘ஆல்டா லூயிசியானா’ என்று ஒரு மாகாணத்தைத் தாராளமாக வைக்கலாம்.

பழங்குடிப் பெயர்களில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். காதுக்கு இனிய அசைகளை ஒட்டிப் புதுப்பெயர் செய்யாதீர்கள். அப்படிச் செய்த வெள்ளைக்காரர்கள் உண்டு: மினசோட்டாவின் ‘இடாஸ்கா’ ஏரி, ‘வெரிடாஸ் கபுட்’ என்ற இரண்டு லத்தீன் சொற்களின் நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. உங்கள் பாத்திரம் ஒன்று இந்த ஏமாற்றைச் செய்தால் அழகு. நீங்களே செய்தால் ஆராயவில்லை என்று பொருள். உண்மையான ஆறு, ஏரி, இனப் பெயர் ஒன்றை எடுத்து, அது யார் காது வழியாக வந்தது என்று முடிவு செய்யுங்கள். 1673-இல் மார்க்கெத் பாதிரியார் ‘மெஸ்கூசிங்’ போன்ற ஒலியோடு குறித்த ஆறு, பிரெஞ்சுக்காரர் கையெழுத்தை மாற்றி வாசித்ததால் ‘உயிஸ்கோன்சின்’ ஆகி, ஆங்கிலேயர் வாயில் விஸ்கான்சின் ஆனது. இந்தப் படிகளில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதே உங்கள் பெயர். உங்கள் கதையில் இரண்டாம் படியோடு நிறுத்துங்கள்.

பெயர் மோதல் சோதனையும் உண்டு: ஏற்கனவே இருக்கும் பெயரோடு குழம்புமா என்று பாருங்கள். 1853-இல் ‘கொலம்பியா’ என்று கேட்ட பிரதேசத்துக்கு, ‘டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா’ என்ற தலைநகர் வட்டாரத்தோடு குழப்பம் வரும் என்று சொல்லி அமெரிக்கக் காங்கிரஸ் ‘வாஷிங்டன்’ என்று வைத்தது. (குழப்பம் எந்த அளவுக்குத் தீர்ந்தது என்பது உலகறிந்தது.) உங்கள் வண்டாலியாவுக்கு ராணியின் பெயரையே வைக்கலாமா என்று தோன்றினால், வட கரோலினாவில் ஷார்லட் என்ற ஊரும் நியூயார்க்கில் அதே பெயரில் கவுன்டியும் ஏற்கனவே இருப்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, தமிழ் எழுத்தில் வரும் தனிச்சிக்கல். எழுத்துக்கூட்டலை மாற்றி வேறுபாடு காட்டும் ஆங்கில எழுத்தாளர்களின் உத்தி நமக்குப் பயன்படாது. ஒலி மாறினால்தான் வாசகருக்குத் தெரியும். வர்ஜீனியா, வண்டாலியா, ஜார்ஜியா என்று ‘இயா’வில் முடியும் மூன்று பெயர்கள் ஒரே பக்கத்தில் வந்தால் கண் வழுக்கும். அதிலும் வர்ஜீனியாவும் வண்டாலியாவும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. முதல் அத்தியாயத்தில் வண்டாலியாவை மட்டும் அறிமுகப்படுத்தி, வர்ஜீனியாவை அதன் அன்றைய தலைநகர் வில்லியம்ஸ்பர்க்கின் பெயரால் சுட்டுங்கள்.