தம்பி தீயணைப்புப் படைக்கு விண்ணப்பிக்கிறான். ஓட்டமும் தண்டாலும் போதுமா? பயிற்சியில் என்னதான் செய்வார்கள்?

ஓட்டமும் தண்டாலும் தேர்வைத் தாண்ட உதவும். பயிற்சி அதோடு முடிவதில்லை. நான் தீயணைப்பு வீரன் இல்லை. கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தில் தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அந்த வேலைக்காகப் பயிற்சித் திடலில் நின்று பார்த்திருக்கிறேன், சிலவற்றைச் செய்தும் இருக்கிறேன்.

முதலில் உங்கள் தம்பிக்கு அலுப்புத்தான் வரும். நெருப்பைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். ஹோஸை விரி, பொருத்து, கழற்று, சுருட்டு, மறுபடி விரி. ட்ரில் டவர் என்று மாடிக்கு மாடி வெறும் ஜன்னல் துவாரங்களோடு ஒரு கோபுரம் நிற்கும். அதில்தான் ஏணி ஏறுவதும் கயிற்றில் இறங்குவதும். உயரப் பயம் உள்ளவர்கள் அங்கேயே தெரிந்துவிடுவார்கள்.

ஆளை உண்மையில் சோதிப்பது புகை அறை. ஜன்னல் இல்லாத அறைகள், உள்ளே செயற்கைப் புகை, எங்கோ ஒரு மூலையில் ஆள் எடையில் ஒரு பொம்மை. முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் மாஸ்க். தவழ்ந்து போய்ப் பொம்மையைத் தேடி இழுத்து வர வேண்டும். ஒரு கை சுவரை விடக்கூடாது. வலது கையால் போனால் திரும்பும்போது இடது கை. நான் உள்ளே போனபோது கை தானாகச் சுவரை விட்டுப் பொம்மையைத் துழாவப் போனது. எல்லோருக்கும் அப்படித்தானாம்.

காற்றுக் கணக்கு தனிப் பாடம். 6 லீட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1800 லீட்டர் காற்று இருக்கும். மூச்சுக்கு நிமிடத்துக்கு 40 லீட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். ஆனால் பதறி மூச்சு வாங்குபவருக்கு அது அவ்வளவு நேரம் வராது. அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கும்போது விசில் அடிக்கும், அதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும். வாசலில் ஒருவர் பலகையோடு நின்று யார் எப்போது உள்ளே போனார், எவ்வளவு அழுத்தத்தோடு போனார் என்று குறித்துக்கொண்டே இருப்பார். கட்டுமஸ்தானவர்கள் சிலர் இந்த இடத்தில் திணறுவார்கள், ஒல்லியான நிதானக்காரர் அமைதியாக வெளியே வருவார்.

தவழச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எரியும் அறையில் கூரையை ஒட்டிய வாயுக்கள் 500, 600 பாகை செல்சியஸ் அளவுக்குப் போனால் அறையில் உள்ள எல்லாமே ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். தரைப்பக்கம்தான் சூடு குறைவு, கண்ணும் தெரியும். கண்டபடி தண்ணீர் அடிக்கவும் விடமாட்டார்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரியும், அந்த ஆவி அடிப்பவரையே அவித்துவிடும்.

நிஜ நெருப்பு கடைசியில்தான், அதுவும் கட்டுப்பாட்டோடு. 1982இல் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் பயிற்சி நெருப்பிலேயே இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பயிற்சித் தீக்கென்று தனித் தரநிலை எழுதினார்கள். பயிற்சிதானே என்று யாரும் அலட்சியமாக நிற்காததற்கு இது போதும்.

கொழும்பில் இது இன்னும் சிக்கல். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் சரக்கு, சுமை தூக்கும் நாட்டாமைகளின் கைவண்டி, தலைக்கு மேல் வயர். வண்டி நுழையாத இடத்துக்கு ஹோஸைக் கையால் இழுத்துத்தான் போக வேண்டும். திடலில் சலித்துச் சலித்துச் செய்த வேலை அங்கேதான் கைகொடுக்கும். எங்கள் மாதிரிக் கட்டடங்களில் பிரச்சினை உயரம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தண்ணீரை மேலே தள்ளவே 1 பார் அழுத்தம் போய்விடும். ஏணி எட்டாத மாடிக்கு அவர்கள் படியேறித்தான் வருவார்கள், முதுகில் அந்தச் சிலிண்டரோடு. அந்த இடத்தில் உங்கள் தம்பியின் ஓட்டம் வீண் போகாது, சரி.

இன்னொன்று, சிங்களம் தடுமாறினால் இப்போதே பழகச் சொல்லுங்கள். எங்களுக்குக் கட்டளையெல்லாம் சிங்களத்தில்தான் வந்தது, மாஸ்க்குக்குள் இருந்துகொண்டு மொழிபெயர்க்க நேரம் கிடைக்காது. மருதானை டி.பி. ஜாயா மாவத்தையில் இருக்கும் கொழும்புத் தீயணைப்புப் படைத் தலைமையகத்துக்கு ஒருமுறை நேரில் போய் விசாரிப்பதும் நல்லது.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு, வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் வீடு முழுக்கத் தவழட்டும். எத்தனை கதவு கடந்தான், இப்போது எந்த அறையில் இருக்கிறான் என்று நடுவில் கேளுங்கள். பதறாமல் பதில் சொன்னால் தாராளமாக விண்ணப்பிக்கட்டும்.