8 மைல் ரோட்டுக்குத் தெக்கால போகாதேன்னு சொன்னாங்களா தம்பி?

தம்பி, வாரன் புறநகர்ல வேலை கிடைச்சிருக்கு, டெட்ராய்ட் சிட்டிக்குள்ள வாடகை கம்மியா வருது, ஆனா சிட்டிக்கும் வடக்குப் புறநகருக்கும் எல்லையா ஓடற 8 மைல் ரோட்டைத் தாண்டித் தெக்க போகவே கூடாதுங்கறாங்க, கறுப்பின மக்கள் கலவரம் பண்ணி அவங்க ஊரை அவங்களே எரிச்சுட்டாங்களாமே, நெஜமான்னு கேட்டிருக்கீங்க. கூடவே ஸ்னோ டயர், இட்லி அரிசி, ஸ்கூல்னு ஒரு லிஸ்ட். டயர் எந்தக் கடைலயும் சொல்வாங்க, அரிசி ட்ராய், கேன்டன் புறநகர்கள்ல கொட்டிக் கெடக்கு. அந்த எரிச்ச கதைக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா நான் வந்தப்ப ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட வந்த நம்மூர்க்காரரும் ஃப்ரீவே ஏறுறதுக்குள்ள இதே டயலாக்கைத்தான் சொன்னார்.

எல்லாரும் கலவரம் நடந்த 1967ல ஆரம்பிப்பாங்க. நீங்க 1934ல ஆரம்பிங்க. அந்த வருஷம்தான் வீட்டுக்கடனுக்கு கேரண்டி குடுக்க எஃப்ஹெச்ஏன்னு ஒரு அரசாங்க அமைப்பு வந்துச்சு. கறுப்பின மக்கள் இருக்கற ஏரியான்னா ரிஸ்க், கேரண்டி கிடையாது, அவ்ளோதான் ரூல். 8 மைலுக்குத் தெக்க பர்வுட் தெருவுல 1941ல ஒரு பில்டர் வெள்ளைக்காரங்களுக்கு வீடு கட்டப் பாத்தார், பக்கத்துல கறுப்பினக் குடும்பங்கள் இருக்குன்னு லோன் மாட்டேன்னுட்டாங்க, உடனே நடுவுல ஆறடி உயரத்துல அரை மைல் நீளத்துக்கு ஒரு செவுரு எழுப்பினார், லோன் வந்துடுச்சு. அந்தச் செவுரு இன்னும் இருக்கு தம்பி, பார்க் ஓரமா படமெல்லாம் வரைஞ்சு வச்சிருக்காங்க. நயாகரா போய் போட்டோ எடுக்கற நம்மாளுங்க, இருபது நிமிஷ டிரைவ்ல இருக்கற இதைப் பாத்ததில்ல.

சரி, அந்த ஜனம் எங்கதான் இருந்துச்சு? டவுன்டவுனுக்குக் கிழக்க பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலின்னு ரெண்டு பேட்டை, நடுவுல ஹேஸ்டிங்ஸ் தெரு. கடை, சர்ச், டாக்டர், ஜாஸ் கிளப்னு அவங்களோடதே நெறைய இருந்துச்சு. வீடுங்க பழசு, நெருக்கடி, அதை மறைக்க வேண்டாம். 1949ல ஹவுசிங் ஆக்ட் வந்து குடிசை மாத்தறோம்னு ஃபெடரல் பணம் கொட்டினதும், கோபோன்னு ஒரு மேயர் புல்டோசரை விட்டார். பெரும்பாலும் வாடகைக்காரங்க, நஷ்டஈடு வாங்கினது வீட்டு ஓனருங்க, இவங்களுக்கு நோட்டீஸ் மட்டும். இடிச்ச இடம் வருஷக்கணக்குல புதர் மண்டிக் கெடந்துச்சு, அப்புறம் லஃபாயெட் பார்க்னு மீஸ் வான் டெர் ரோங்கற பெரிய ஆர்க்கிடெக்ட்டை வச்சு அழகா டவர் கட்டினாங்க, பழைய ஆளுங்களுக்குக் கட்டுபடியாகாத வாடகை. இப்ப நம்ம பேச்சிலர் பசங்க அங்க இருந்துக்கிட்டு "என்னா கிரீனரி"ன்னு ஸ்டேட்டஸ் போடறாங்க. ஹேஸ்டிங்ஸ் தெரு மேல ஐ-375 ஃப்ரீவே, 1964ல முடிஞ்சுது.

தொரத்தப்பட்டவங்களுக்குப் புறநகர்ல லோன் கிடையாது, விக்கவும் மாட்டாங்க. நெறையப் பேர் போய் விழுந்தது 12வது தெருவுல. ஒரு ஃப்ளாட்டை ரெண்டா மூணா தடுத்து வாடகைக்கு விட்டாங்க. சதுர மைலுக்கு 21,000 பேர், சிட்டி சராசரியைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு கலவரங்களை விசாரிக்க ஜனாதிபதி போட்ட கெர்னர் கமிஷனே எழுதியிருக்கு. போலீஸ்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, தெருவுல நின்னாலே விரட்டு. 1967 ஜூலை 23 விடியக்காலைல அங்க லைசென்ஸ் இல்லாத பார்ல ரெய்டு, வியட்நாம்ல இருந்து வந்த பசங்களுக்குப் பார்ட்டி நடந்துக்கிட்டு இருந்துச்சு, 80க்கு மேல ஆளுங்களைப் புடிச்சு வண்டில ஏத்தினாங்க, கூட்டம் சேர்ந்துச்சு. அஞ்சு நாள், 43 சாவு, 7,000க்கு மேல கைது, ராணுவமே வந்துச்சு. ரெய்டு வெறும் தீக்குச்சி, வெறகை இருபது வருஷமா அடுக்கினது பிளானிங் ஆபீசும் பேங்கும்.

நான் வேலை பாத்த பிளான்ட்ல ஒரு பெரியவர் இருந்தார், கறுப்பினத்தவர், சின்னப் பையனா ஹேஸ்டிங்ஸ்ல இருந்து 12வது தெருவுக்கு மாறின குடும்பம். லன்ச்ல என் தயிர்சாதத்தை எட்டிப் பாத்துக்கிட்டே அவங்கப்பாவோட செருப்பு ரிப்பேர் கடையைப் பத்திச் சொல்வார். இடிச்சப்ப மெஷினைத் தள்ளுவண்டில வச்சு இழுத்துட்டு வந்து புதுத் தெருவுல கடை போட்டாங்களாம், அது கலவரத்துல போச்சு. எரிச்சவன் மேல கோவம் இருக்கான்னு கேட்டேன். "முதல் கடையை எடுத்தவனை ஒரு போலீசும் புடிக்கலையே"ன்னுட்டு ஆப்பிளைக் கடிச்சார். அவர் பழக்கம் கிடைச்சதுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும். அப்ப எனக்குக் காரில்ல, உட்வர்ட் - 8 மைல் முக்குல சிட்டி பஸ்ல இருந்து இறங்கி புறநகர் பஸ் மாத்தணும், ரெண்டும் வேற வேற நிர்வாகம், பல புறநகர்கள் எங்க ஊருக்குள்ள பஸ்சே வேண்டாம்னு ஒதுங்கிக்கிட்டதுங்க. பனில காத்துக்கெடக்கறவங்கள்ல பாதிப் பேர் ட்ராய்ல ஹோட்டல் ரூம் கிளீன் பண்ணப் போற பாட்டிமாருங்க. க்ளவுஸ் எப்படிப் போடணும்னு கத்துக் குடுத்ததே அவங்கதான்.

நம்ம பார்ட்டிகள்ல பேசுவாங்க பாருங்க, "நாம படிச்சு முன்னேறலையா, அவனுங்க ஏன் முன்னேறல"ன்னு. கடுப்பாகும். க்ரோஸ் பாயிண்ட்னு பணக்காரப் புறநகர்ல 1960 வரைக்கும் வீடு வாங்கறவங்களுக்கு மார்க் போட்டாங்க, தோல் கலர், அக்சென்ட் எல்லாம் பாத்து. இத்தாலிக்காரன், போலந்துக்காரன், யூதன் இவங்களுக்குத்தான் அந்தப் பரீட்சை, கறுப்பினத்தவரும் ஆசியாக்காரரும் எழுதவே முடியாது. இன்னிக்கு நாம நோவி புறநகர்ல நாலு பெட்ரூம் வாங்கறோம்னா 1968ல மார்ட்டின் லூதர் கிங்கை சுட்ட அடுத்த வாரம் பாஸான, இனம் பாத்து வீடு மறுக்கக்கூடாதுங்கற ஃபேர் ஹவுசிங் ஆக்ட்தான் காரணம். அதை வாங்கித் தந்தவங்களைத்தான் திட்டிக்கிட்டு சமோசா சாப்பிடறோம்.

உங்க விஷயத்துக்கு வரேன். 8 மைலுக்குத் தெக்கயே க்ரீன் ஏக்கர்ஸ், ஷெர்வுட் ஃபாரஸ்ட்னு பெரிய செங்கல் வீடுங்க இருக்கற நல்ல ஏரியா எல்லாம் இருக்கு, பாழடைஞ்ச தெருவும் இருக்கு, பகல்லயும் ராத்திரியும் ஒருக்கா நடந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ப்ரோக்கர் "உங்காளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க"ன்னு ஒரே பக்கமா ஓட்டிட்டுப் போனா ஆளை மாத்துங்க, அது சட்டப்படியே தப்பு. முக்கியமா லீஸ்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த அட்ரசுக்கு கார் இன்சூரன்ஸ் எவ்ளோன்னு கேட்டுருங்க, டெட்ராய்ட் அட்ரஸ்னா தீட்டிடுவான், வாடகைல மிச்சம் புடிச்சது அங்க போயிடும். ஸ்கூல் மேட்டரெல்லாம் எங்க வீட்டம்மாவைத்தான் கேக்கணும், எனக்குத் தெரியாது.