கண்ணாடி மைக்கூடுகள்: கேள்வி பதில்

கல்லடி: ஐயா, அப்பப்பாவின் கண்ணாடி மைக்கூட்டினுள் மை இறுகிக் கிடக்கிறது. எப்படிக் கழுவலாம்?

கழுத்தில் பித்தளை வளையமும் பிணைச்சலும் இருந்தால் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. அவ்வளையம் பெரும்பாலும் பாரிஸ் சாந்தினால் ஒட்டப்பட்டிருக்கும். நீர் புகுந்தால் சாந்து இளகி, வளையம் மூடியோடு கழன்றுவிடும். குழியினுள் மாத்திரம் காய்ச்சி வடித்த நீரைத் துளித்துளியாக விட்டு, மை இளகியதும் பஞ்சினால் ஒற்றி எடுங்கள். பழைய மைகள் பல, மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தவை என்பதால் கபிலக் கறை எஞ்சும். அதற்குச் சிற்றிக் அமிலத்தின் மென்கரைசல் போதும். சுடுநீரில் தடித்த கண்ணாடி வெடித்துவிடும்.

காத்தான்குடி: கடும் ஊதா நிற மைக்கூடு பழையதுதானே?

மங்கனீசு சேர்த்து நிறம் நீக்கிய பழைய கண்ணாடி, நெடுங்காலம் வெயில் பட்டால் இளம் ஊதாவாகும். கடும் ஊதாவெனில், செயற்கையாகக் கதிர்வீச்சுச் செலுத்தினார்களோ என ஐயுறுங்கள்.

வாழைச்சேனை: சவர்க்கார நீரில் ஓரிரவு ஊறவைக்கலாமா?

முதற் பதிலைப் படியுங்கள். ஊறவைக்காதீர்கள்.

கல்முனை: அடியில் வண்ணக் கண்ணாடிப் பூக்களும் 1848 என்ற எண்ணும் உள்ளன. இலண்டன் வைட்பிரையர்ஸ் ஆலையின் வேலை என்கிறார் விற்பவர்.

சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் அவ்வாறே நம்பினார்கள். அவை இருபதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் பக்கத்தில் செய்யப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளர் முடிவு.

அக்கரைப்பற்று: கண்ணாடிக்குள்ளேயே உருகிக் கிடக்கும் எண் எப்படிப் பொய்யாகும்?

நல்ல கேள்வி. எண் வடிவில் நிறக் கண்ணாடியை அடுக்கி, சூடாக்கி, மெல்லிய கோலாக இழுத்து, அக்கோலைத் துண்டுகளாக வெட்டியே பூக்களுக்கிடையில் பதிக்கிறார்கள். எந்த ஆண்டில் வேலை செய்பவரும் எந்த ஆண்டையும் அதில் எழுதலாம். எண்ணை நம்பாமல் அடியை உருப்பெருக்கியால் பாருங்கள். மேசையில் நெடுங்காலம் நகர்ந்த அடியில், நிலத்தைத் தொடும் விளிம்பில் மாத்திரம், பல திசைகளிலும் ஆழம் மாறிமாறிக் கீறல்கள் விழுந்திருக்கும். ஒரே திசையில் நெருக்கமாக ஓடும் கீறல்கள் உப்புத்தாளின் வேலை.

கல்முனை: ஆனாலும் விற்பவர் மூன்று தலைமுறைச் சொத்து என்கிறாரே?

தலைமுறைக் கதையைக் கண்ணாடியில் காணமுடியாது, கீறலைக் காணலாம். பழம்பொருள் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

களுவாஞ்சிக்குடி: அலுமாரிக்குள் இருந்தும் கண்ணாடி வியர்த்து வழுவழுப்பாகிறது.

கண்ணாடியிலுள்ள காரம், நம் வாவிக்கரை ஈரக்காற்றை உறிஞ்சிக் கசிகிறது. வடித்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்தி, காற்றோட்டமான தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள்.

ஏறாவூர், மட்டக்களப்பு நகர், மற்றும் பலர்: என்ன விலை பெறும்?

படம் பார்த்து விலை சொல்வதில்லை. மூடி அதே கூட்டுக்குரியதா, வாய் விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் உடைவு உண்டா என்பவற்றைப் பார்த்து எழுதுங்கள்; அதன் பின் பேசலாம்.