வாசகர் கேள்வி – பதில்: வினைமுற்றை விழுங்கும் பிள்ளைகள்

கேள்வி: தரம் 9 பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மாட்டின் லூதர் கிங்கின் 'எனக்கொரு கனவு உண்டு' உரையைத் தமிழில் நான்கு பக்கத்துக்குக் கொடுத்தேன். மனனம் செய்துவிட்டார்கள். ஆனால் மேடையில் வாய்ப்பாடு சொல்வது போல் இருக்கிறது. எங்கே பிழை?
– தமிழ் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: நான்கு பக்கம் என்பதே முதல் பிழை. 1963 ஆகஸ்ட் 28 இல் வொஷிங்டனில் இரண்டரை இலட்சம் பேரளவில் கூடியிருந்த கூட்டத்துக்கு கிங் ஏறத்தாழ 17 நிமிடம் பேசினார். உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்தக் 'கனவு'ப் பகுதி அவர் எழுதிக் கொண்டுபோன தாளில் இருக்கவில்லை. பேச்சின் போக்கில் வந்தது. தாளைத் தாண்டி வந்த பேச்சைத் தாளோடு கட்டிப்போட்டு ஒப்புவிக்கச் சொன்னால் வாய்ப்பாடாகத்தான் வரும்.

சிறியதில் தொடங்குங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19 இல் கெற்றிஸ்பேர்க்கில் பேசியது ஆங்கிலத்தில் 270 சொல் அளவுதான். மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. அவருக்கு முன்னர் பேசிய எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அதை இன்று யார் படிக்கிறார்கள்?

முதல் பாடவேளையில் உரையை வாசிக்கவே வேண்டாம். லிங்கன் எந்தச் சபையின் முன்னிலையில் பேசினார், அவர்கள் எந்த நிலையில் நின்றார்கள், அவர்களிடம் என்ன கேட்டார் என்ற மூன்றை மட்டும் பேசுங்கள். அவர் பேசிய இடம் அந்த ஆண்டு ஜூலை மாதப் போரில் இறந்தவர்களுக்கான மயானம். இது தெரியாத பிள்ளை அந்த உரையைப் பரிசளிப்பு விழா உற்சாகத்தோடு முழங்கும்.

அடுத்த வேளையில் எட்டுப் பத்து வரியை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, மூச்சு எடுக்கும் இடத்துக்கு இரண்டு. ஒரு வரியில் ஒரு சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு. மூன்று சொல்லுக்கு அடிக்கோடிட்டால் பிள்ளை கத்தும், வேறொன்றும் நடக்காது. 'மக்களின், மக்களால், மக்களுக்காக' என்ற இடத்தில் மூன்று தரமும் 'மக்கள்' என்பதில் ஊன்றட்டும். உருபில் ஊன்றினால் வேற்றுமை உருபு படிப்பிப்பது போல இருக்கும்.

இனித் தமிழுக்கே உரிய சங்கடம். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, செய்தோமா செய்யவில்லையா என்பது அங்கேதான் தெரியும். பிள்ளைக்கோ அந்த இடத்தில் மூச்சு முடிந்து குரல் தாழ்ந்துவிடும். பின்வரிசையில் இருப்பவருக்கு 'நாங்கள் அவர்களை மறக்க...' வரைதான் கேட்கும். மறக்கிறோமா, மறக்கமாட்டோமா? வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் உரத்துச் சொல்லும் பயிற்சியை ஒரு வாரம், நாளுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். மற்ற எந்தப் பயிற்சியையும் விட இதில்தான் பலன் அதிகம்.

மொழிபெயர்ப்பிலும் இதே வில்லங்கம் உண்டு. 'ஒரு நாள் ... என்று நான் கனவு காண்கிறேன்' என்று பெயர்த்தால் கனவு இருபது சொல் கழித்து வரும். கிங் அதை ஒவ்வொரு முறையும் முதலிலே வைத்தார். 'எனக்கொரு கனவு உண்டு.' முற்றுப்புள்ளி. பிறகு 'ஒரு நாள்...' என்று இரண்டு வாக்கியமாக வெட்டிக் கொடுங்கள். அடி மீண்டும் மீண்டும் விழுவது அப்போதுதான் கேட்கும்.

கடைசியாகக் கொப்பியை மூடிவிட்டு எலும்பை மட்டும் எடுங்கள். லிங்கனின் உரை 87 ஆண்டுக்கு முந்திய அன்றில் தொடங்கி, போர் நடக்கும் இன்றுக்கு வந்து, உயிரோடிருப்பவர்கள் இனிச் செய்யவேண்டியதில் முடிகிறது. அன்று, இன்று, இனி. இதே மூன்றில் மட்டக்களப்பு வாவியைப் பற்றி ஆளுக்கு 12 வரி எழுதட்டும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளையென்றால் யானை வேலியைப் பற்றி எழுதட்டும். மதிப்பெண் இந்தப் பேச்சுக்கு; லிங்கனை ஒப்புவித்ததற்கு அல்ல.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டார் பேச்சுத்தானா? தமிழில் பயிற்றுவிக்க ஒன்றும் இல்லையா?
– ஓய்வுபெற்ற அதிபர், தம்பிலுவில்

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா, ஐயா! வைகாசியில் அம்மன் கோயிலில் படிக்கும் கண்ணகி வழக்குரை வேறு நூல். வகுப்புக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுங்கள். வரலாற்று உரை அல்ல, காப்பிய உரைதான். ஆனாலும் நீதிமன்றப் பேச்சுக்கு அதைவிட இறுக்கமான பாடம் கிடைப்பது அரிது.

'தேரா மன்னா' என்று விளிப்பிலேயே குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது. பிறகு இரண்டு முன்னுதாரணம்: புறாவுக்காகத் தன்னைத் தந்தவன், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவன். நீதி என்றால் என்னவென்று அரசனுக்கு அளவுகோல் காட்டியாயிற்று. அதன் பின்னரே ஊர், கணவன் குடும்பம், வந்த காரணம், நடந்த கொலை. பெயர் கடைசியில்: 'கண்ணகி என்பதென் பெயரே.' எல்லாம் பதினைந்து அடிக்குள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று அரசன் சொன்னதும் அவள் அழுது நீட்டவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற ஒரே சான்றை வைக்கிறாள். அவனுடையது முத்து. வழக்கு முடிந்தது.

விவாதம் செய்யும் தரம் 10, 11 பிள்ளைகள் இந்த வரிசையை, அளவுகோல், நடந்தது, ஒரு சான்று என்று கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். பிழை நடப்பது சான்றில்தான். ஐந்து சான்று சொன்னால் எதிரணி அதில் நொய்ந்ததைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மகள் தரம் 4. விபுலானந்த அடிகளைப் பற்றிப் பேச வேண்டும். எப்படித் தொடங்கலாம்?
– தாய், காரைதீவு

பதில்: '1892 மார்ச் 27 இல் காரைதீவில் பிறந்தார்' என்று மட்டும் தொடங்க வேண்டாம், அம்மா. அதே மேடையில் ஏறும் மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்கும். மூன்றாவது பிள்ளைக்கு நடுவர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். 'யாழ் என்ற வாத்தியத்தை உங்களில் யாராவது வாசிக்கக் கேட்டிருக்கிறீர்களா?' என்று கேட்டு, மகள் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை நிற்கட்டும். வழக்கொழிந்த யாழைப் பல ஆண்டு ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூலை 19 இல் அவர் மறைந்தார். தரம் 4 க்கு இந்த ஒரு செய்தியே போதும். பதவிகளை அடுக்க வேண்டாம்.

பழக்குவதற்கு விவேகானந்தர் 1893 செப்டெம்பர் 15 இல் சிக்காகோவில் சொன்ன கிணற்றுத் தவளைக் கதை நல்லது. இரண்டு தவளைக்கும் இரண்டு குரல் வைத்துச் சொல்லப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கேள்வி: வலய மட்டத் தமிழ்மொழித் தினப் போட்டியில் மாணவன் முடிக்குமுன் மணி அடித்துவிட்டது. வீட்டில் சரியாக வந்ததே?
– ஆசிரியர், செங்கலடி

பதில்: நேரம் பெரும்பாலும் போவது முகவுரையில். 'மேடையில் வீற்றிருக்கும்' என்று தொடங்கி அதிபர், நடுவர், ஆசிரியர், பெற்றோர், சக மாணவர் என்று வரிசையாக வணங்கினால் அரை நிமிடம் காலி. அதே விவேகானந்தர் செப்டெம்பர் 11 இல் 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்றார். சபை எழுந்து கைதட்டியது. மூன்று விளிப்பு, பத்து விநாடி போதும்.

மற்றது, நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற பொதுக் கணக்கை நம்பாதீர்கள். அவனை ஒரு நிமிடம் பேசவிட்டுச் சொற்களை எண்ணுங்கள். அதைச் சுற்றறிக்கையில் உள்ள நிமிடத்தால் பெருக்கி, பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு எழுதுங்கள். அந்தப் பங்கு கைதட்டலுக்கும் தடுமாற்றத்துக்கும். இடையிடையே 'மறுகா' (பிறகு) சொல்லும் பழக்கம் இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடி மூச்சு எடுக்கப் பழக்குங்கள். மறுகா நல்ல சொல்தான், எழுதிய பேச்சில் அதற்கு இடமில்லை.

கேள்வி: கூத்து ஆடும் பையன். குரல் பெரிது, ஆனால் ஒலிவாங்கியில் இரைகிறது.
– கலைமன்றப் பொறுப்பாளர், வாழைச்சேனை

பதில்: வட்டக்களரியில், அதாவது கூத்தாடும் வட்ட மேடையில், கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடிய குரல் அது. வயிற்றிலிருந்து வரும் அந்த மூச்சைக் குறைக்காதீர்கள், தூரத்தைக் கூட்டுங்கள். மற்றவர்கள் நான்கு விரல் தூரத்தில் நின்றால் இவன் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுத் தாழ்த்தி வைத்தால் 'ப', 'ம்ப' வெடிக்காது. கூத்துப் பாட்டான தருவைப் பாடும் பழக்கத்தில் வரி முடிவை இழுப்பான். அதை மட்டும் நறுக்க வேண்டும்.

கேள்வி: பழைய கிரேக்கத்துப் பேச்சாளர் டெமொஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுப் பழகியதாகச் சொல்கிறார்களே, மகனுக்கும் செய்யலாமா?
– தந்தை, அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம், தொண்டையில் போய்விடும். சத்தம் வராமல் உதட்டசைவால் மட்டும் ஒரு வரியைச் சொல்லச் சொல்லுங்கள். எதிரே இருக்கும் தங்கை அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் கண்டுபிடிக்கும்வரை அவன் வாயைத் திறந்தே தீருவான்.